ஓய்வுபெற்ற மின்பொறியியலாளர் ஒருவரின் வாழ்க்கையை எழுதி வைப்பது எப்படி

யாழ்ப்பாணத்தில் ஒருவருடைய வாழ்க்கை வரலாறு பெரும்பாலும் அவர் கண்மூடிய பின்னர்தான் எழுதப்படுகிறது. முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அச்சாகி வந்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், அழுது களைத்த பிள்ளைகளில் ஒருவர், தேவார திருவாசகங்களுக்கும் வம்சாவளிக்கும் நடுவே இரண்டு பக்கம் எழுதுகிறார். பிறந்த ஊர், படித்த பாடசாலை, வகித்த பதவிகள், மணம் முடித்த குடும்பம் எல்லாம் வரிசையாக வந்து, "அன்னார் தமது கடமையைச் செவ்வனே ஆற்றினார்" என்பதோடு அந்த இரண்டு பக்கமும் முடிந்துவிடும். ஆசிரியராக இருந்தவருக்காவது பழைய மாணவர் எவராவது வந்து ஒரு கட்டுரை எழுதிக் கொடுப்பார். மின்பொறியியலாளருக்கு அப்படி எவரும் வருவதில்லை. ஏனெனில் அவருடைய வேலை ஒழுங்காக நடந்த நாட்களில் அப்படி ஒருவர் இருப்பதையே ஊர் நினைத்துப் பார்த்திருக்காது. ஆகவே, அவர் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்து பேசக்கூடிய காலத்திலேயே இதைச் செய்துவிட வேண்டும்.

நான் இதை என் மாமாவுக்காகச் செய்தேன். அம்மாவின் மூத்த தமையனார். 1941 இல் பிறந்தவர். மின்விநியோகத் துறையில் வாழ்நாளின் பெரும் பகுதியைக் கழித்தவர். அவருடைய பவளவிழாவுக்கு ஒரு சிறு நூல் போடுவதாக ஏற்றுக்கொண்டு, நான்கு நாட்களில் நான்கு பக்கம் எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு முழுவதையும் வாசித்துவிட்டு, "தம்பி, உது என்ர பென்சன் பைல் மாதிரிக் கிடக்கு" என்று திருப்பித் தந்தார். அதன் பிறகு எட்டு மாதம் எடுத்தது. அந்த எட்டு மாதத்தில் கற்றுக்கொண்டவற்றையே கீழே எழுதுகிறேன்.

முதலில் ஆண்டுகள்

அவரிடம் போவதற்கு முன்னர், ஒரு பெரிய தாளை நடுவே கோடிட்டுப் பிரித்து, இடப்பக்கத்தில் நாட்டின் ஆண்டுகளையும் வலப்பக்கத்தில் அவருடைய ஆண்டுகளையும் எழுதிக்கொள்ளுங்கள். இடப்பக்கத்துக்கு அதிகம் வேண்டியதில்லை. 1950 இல் லக்சபான நீர்மின் நிலையத்தின் முதற்கட்டம் இயங்கத் தொடங்கியதும், அதே ஆண்டில் கொழும்பில் பொறியியல் பீடம் ஆரம்பிக்கப்பட்டதும், அந்தப் பீடம் 1964 இல் பேராதனைக்கு மாறியதும், 1956 இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்ததும், 1969 நவம்பர் 1 ஆம் திகதி இலங்கை மின்சார சபை உருவானதும், எழுபதுகளின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்ததும், 1983 ஜூலைக் கலவரமும், 1985 இல் திறக்கப்பட்ட 210 மெகாவாட் விக்டோரியா நிலையமும், மீண்டும் போர் மூண்ட 1990 ஜூனும், 1995 ஒக்டோபர் இறுதியின் வலிகாமம் இடப்பெயர்வும் இருந்தால் போதும்.

இந்தத் தாள் பெரியவரின் நினைவைச் சோதிப்பதற்கு அல்ல; தூண்டுவதற்கு. இருந்தாலும் சில பிழைகளை அது பிடித்துத் தரும். ஒருவர் 1966 இல் மின்சார சபையில் சேர்ந்ததாகச் சொன்னால், அந்த ஆண்டில் சபை இருக்கவில்லை. அவர் சேர்ந்தது அரசாங்க மின்சாரத் திணைக்களத்தில். பின்னர் முப்பது ஆண்டுகள் சபை, சபை என்று சொல்லிப் பழகிய வாய்க்கு முந்திய மூன்று ஆண்டுகளும் சபையாகிவிடுகின்றன. கட்டுபெத்தவில் 1970 இல் படித்த ஒருவர் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் என்று சொல்வதும் அப்படித்தான். அந்தப் பெயர் 1978 இல் வந்தது, அவர் படித்த நாளில் அது தொழில்நுட்பக் கல்லூரி. அந்த இடத்திலேயே மறித்துத் திருத்தாதீர்கள். எழுதும்போது அன்றைய பெயரைப் போட்டு, வாசித்துக் காட்டும்போது அவரே "ஓமோம், அப்ப திணைக்களம்தான்" என்று சொல்லட்டும்.

சந்திப்புகளை ஒழுங்கு செய்தல்

ஒரு சந்திப்பு ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் போகக்கூடாது. காலை பத்து மணி நல்ல நேரம். மதியச் சாப்பாட்டுக்குப் பின்னர் பேசுகிறவர்கள் எல்லாவற்றையும் சுருக்கிவிடுவார்கள். கைத்தொலைபேசியில் பதிவு செய்வதே போதுமானது, ஆனால் மின்விசிறியின் நேர் கீழே வைக்காமல், அவர் பக்கமாக ஒரு புத்தகத்தின் மேல் வையுங்கள். கோயில் திருவிழா நாட்களில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருக்கும் ஊர்களில் பதிவே செய்ய முடியாது; நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் நான் சும்மா இருந்தேன். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் காணொளி அழைப்பில் சேர விரும்பினால் ஒரு நாளுக்கு மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு முன்னால் தகப்பன்மார் தங்கள் பிழைகளைச் சொல்லமாட்டார்கள். நமக்கு வேண்டியது அந்தப் பிழைகளே.

மனைவியை மறந்துவிடாதீர்கள். கணவர் எந்த ஊருக்கு எந்த ஆண்டு இடமாற்றம் பெற்றார் என்பதை அவர் பதவியை வைத்து நினைவில் வைத்திருப்பார். மனைவியோ பிள்ளை எந்த ஊரில் நடை பழகியது, எந்தக் குவாட்டர்சில் தண்ணீர் இல்லை என்பதை வைத்து நினைவில் வைத்திருப்பார். என் அனுபவத்தில் பின்னதே சரியான ஆண்டைத் தருகிறது.

பழுதைக் கேட்க வேண்டும்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். "உங்கள் சாதனை என்ன?" என்று கேட்டால் பொறியியலாளர் கூச்சப்பட்டு ஒன்றுமில்லை என்பார், அல்லது ஓய்வுபெற்ற நாளில் யாரோ வாசித்த பிரிவுபசார உரையைத் திருப்பிச் சொல்வார். "உங்களை நித்திரை கொள்ளவிடாத பழுது எது?" என்று கேட்டால் நிமிர்ந்து உட்காருவார். என் மாமா நான்காவது சந்திப்பில், இந்தக் கேள்விக்குப் பின்னர்தான், வடமராட்சிக் கரையோரத்தில் எழுபதுகளில் நடந்த ஒன்றைச் சொன்னார்.

ஒரு மாலை நேரம் ஒரு வயதான அம்மா அலுவலகத்துக்கு வந்து, தன் வீட்டுக் குமிழ் வெள்ளை வெளேரென்று எரிந்து பட்டென்று போய்விட்டது, புதிது போட்டால் அதுவும் போய்விட்டது, ஆனால் பக்கத்து வீட்டில் குமிழ் சிவந்து மங்கிக் கிடக்கிறது என்று முறையிட்டிருக்கிறார். அங்கிருந்தவர்கள் மின்மாற்றியில் மின்னழுத்தம் கூடிவிட்டது, அதன் படியை ஒன்று குறைத்தால் சரியாகிவிடும் என்றார்கள். மாமாவும் முதலில் அப்படியே நினைத்தாராம். பின்னர் அந்த அம்மா சொன்னதை மறுபடி நினைத்துப் பார்த்தார். மின்மாற்றியில் அழுத்தம் கூடினால் எல்லா வீட்டிலும் கூடவேண்டும். ஒரு வீட்டில் கூடி அடுத்த வீட்டில் குறைய நியாயமில்லை.

இவ்விடத்தில் எழுதுபவர் நிறுத்தி, வாசகருக்கு ஒரு பந்தியில் விளக்கிவிட வேண்டும். கம்பத்தில் மின்சாரத்தைக் கொண்டுவரும் மூன்று பேஸ் கம்பிகளும், அது திரும்பிப் போவதற்கான ஒரு நியூட்ரல் கம்பியும் வருகின்றன. பேஸ் ஒன்றுக்கும் நியூட்ரலுக்கும் இடையே இன்று நாம் சொல்லும் 230 வோல்ட். இரண்டு பேஸ்களுக்கு இடையே 400 வோல்ட். சாதாரண வீட்டுக்கு ஒரு பேஸும் நியூட்ரலும் மட்டும் போகும். நியூட்ரல் எங்கேயாவது அறுந்துவிட்டால், வெவ்வேறு பேஸில் நிற்கும் வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தவை போலாகி, அந்த 400 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்குபோட்டுக்கொள்கின்றன. பங்கு சமமாக இராது. குறைவாக மின்சாரம் எடுக்கும் வீட்டின் தலையில் அழுத்தம் ஏறும், நிறைய எடுக்கும் வீட்டில் இறங்கும். அந்த அம்மாவிடம் இருந்தது இரண்டு குமிழ்கள். பக்கத்து வீட்டில் தண்ணீர்ப் பம்பும் துணி அழுத்தும் மின் அழுத்தியும் ஓடிக்கொண்டிருந்தன.

மாமா மின்மாற்றியைத் தொடவேண்டாம் என்று சொல்லி, மின்சாரத்தை நிறுத்துவித்து, கம்பம் கம்பமாக நியூட்ரல் மூட்டுகளைப் பார்க்கச் செய்தார். ஏழாவதோ எட்டாவதோ கம்பத்தில், செம்புக் கம்பியையும் அலுமினியக் கம்பியையும் நேரடியாகச் சேர்த்துச் சுற்றியிருந்த ஒரு மூட்டைத் தொட்டதும் அது கையோடு வந்துவிட்டது. உள்ளே விபூதி போல வெள்ளைத் தூள். செம்பும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிந்து அப்படித் தூளாகிவிடும் என்பது எந்தப் பாடப்புத்தகத்திலும் உள்ள விடயம். ஆனால் கடற்காற்று வீசும் ஒரு கரையில், இருட்டுகிற நேரத்தில், ஒரு கிழவியின் முறைப்பாட்டில் இருந்து அந்த மூட்டுக்குப் போய்ச் சேர்வதுதான் அவருடைய தொழில். பிரிவுபசார உரையில் இந்தச் சம்பவம் இருக்கவில்லை. நூலில் இதற்கு மூன்று பக்கம் கொடுத்தேன்; பதவி உயர்வுகள் எல்லாம் சேர்ந்து அரைப் பக்கம்.

இப்படியொரு கதை வெளிவந்ததும் கேட்கவேண்டியவை இவை: முதலில் யார் சொன்னது, அது எந்த நேரம், முதல் ஊகம் என்ன, அது ஏன் பிழைத்தது, கம்பத்தில் ஏறியவர் யார், கையில் என்ன கருவி இருந்தது, சரி செய்த பின்னர் அதே பிழை வேறு இடங்களில் வராமல் என்ன செய்தார். முதல் ஊகத்தை விடாமல் கேளுங்கள். பிழைத்த ஊகம் இல்லாத கதையில் பொறியியலாளர் சித்தர் போல ஆகிவிடுவார், வாசகர் நம்பமாட்டார்.

குடாநாட்டில் வேலை செய்தவர்களிடம் கேட்பதற்கென்றே சில கேள்விகள் உண்டு. சோளகக் காற்றில் காவோலை விழுந்து கம்பிகள் முட்டிக்கொள்வதை எப்படிச் சமாளித்தார்கள், பனையை வெட்டவிடாத காணிக்காரரோடு எப்படிப் பேசினார்கள், சுண்ணாம்புக்கல்லின் மேல் ஒரு முழம் மண் மட்டும் உள்ள இடங்களில் எர்த் கம்பியை எங்கே இறக்கினார்கள் என்பவை அவற்றுள் சில. கரையோர லைன்களில் கம்பியைக் கம்பத்தில் முட்டாமல் தாங்கும் பீங்கான் காவலிகளில் உப்புப் படிந்து, கோடை முடிந்து முதல் தூறல் விழும் இரவில் அவை பொறி பறக்கத் தொடங்குவதைப் பற்றியும் கேளுங்கள். பெருமழை அந்த உப்பைக் கழுவிவிடும். பனியும் தூறலும்தான் அதை நனைத்து மின்சாரத்துக்கு வழி திறந்துவிடும். "மழை பெஞ்சாச் சனம் எங்களைப் பேசும், தூறினா நாங்கள் மழையைப் பேசுவம்" என்றார் மாமா.

தொழிற்சாலைகளில் இருந்தவர்களுக்குக் கேள்வி வேறு. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் ஆனையிறவு உப்பைக் கரைத்து, அந்தக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சித்தான் கோஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுத்தார்கள். ஆகவே அங்கே மின்சாரம் இயந்திரத்தை ஓட்டுவதற்கு மட்டுமல்ல, மூலப்பொருள் மாதிரியே செலவானது. காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில் பெரிய மோட்டார்களும் தூசியும். மலைநாட்டு நீர்மின் நிலையங்களில் இருந்தவர்களிடம் சத்தத்தைப் பற்றிக் கேளுங்கள். இயந்திரத்தின் சத்தம் மாறினால் நித்திரையிலும் எழும்புவோம் என்று ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

விபத்துகளைப் பற்றி நீங்களாகக் கேட்க வேண்டாம். மின்சாரத்தோடு நாற்பது ஆண்டுகள் இருந்தவருக்கு ஒரு மரணமாவது தெரிந்திருக்கும். அவராகத் தொடங்கினால் கேளுங்கள். அவர் நிறுத்தினால், பதிவை நிறுத்திவிட்டுத் தேநீர் வரும்வரை வேறு கதை பேசுங்கள்.

வெளிச்சம் இல்லாத ஆண்டுகள்

1990 இன் நடுப்பகுதியில் இருந்து சில ஆண்டுகள் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மின்பொறியியலாளர் ஒருவரின் வாழ்க்கையில் இதை "பின்னர் போர்ச்சூழல் ஏற்பட்டது" என்ற ஒரு வரியில் கடந்துவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது பெரிய பிழை. மின்கலங்களும் மண்ணெண்ணெயும் தடைப்பட்டியலில் இருந்த அந்த நாட்களில், ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்ச எண்ணெயும் விட்டுத் திரி கொளுத்திப் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்த அந்த நாட்களில், மின்சாரம் தெரிந்த மனிதர் என்ன செய்தார்?

மாமா வீட்டில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் இருந்து வானொலி கேட்டார்கள். டைனமோ தருவது 6 வோல்ட், அதுவும் திசை மாறி மாறி ஓடும் ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியது ஒரே திசையில் ஓடும் நேரோட்டம். பழுதான வானொலிகளில் இருந்து நான்கு டையோட்டுகளையும் ஒரு கொள்ளளவியையும் கழற்றி, ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கும் சிறு சுற்று ஒன்றை அவர் கட்டிக் கொடுப்பார். சுற்றுபவர் கை தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தளரும். இரவில் பி.பி.சி. தமிழோசை கேட்க அயல் முழுவதும் அந்த விறாந்தைக்கு வரும். சுற்றும் முறை பையன்களுக்குள் பங்கிடப்பட்டிருந்தது, நானும் சுற்றியிருக்கிறேன். 33 கிலோவோல்ட் லைன்களைப் பார்த்த மனிதர் தீப்பெட்டிக்குள் 6 வோல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததைப் பற்றி என்ன நினைத்தார் என்று கேட்டேன். "அதுவும் அதே கணக்குத்தான்" என்றார்.

இதே பகுதியில், நாட்டை விட்டுப் போனது, போகாதது பற்றியும் கேட்கவேண்டி வரும். அந்தத் தலைமுறையினருள் பலர் சாம்பியாவுக்கும் நைஜீரியாவுக்கும் வளைகுடாவுக்கும் போனார்கள். பதவி உயர்வுக்குச் சிங்களப் பரீட்சை எழுதவேண்டியிருந்தது சிலருக்கு ஆறாத வடு, சிலர் அதை எழுதிச் சித்தியடைந்து சகஊழியரோடு நல்ல நட்பும் வைத்திருந்தார்கள். இரண்டையும் அவர் சொன்னபடியே எழுதுங்கள்; உங்கள் அரசியலை அவர் வாயில் வைக்காதீர்கள்.

தாள்கள், படங்கள்

இடம்பெயர்ந்த வீடுகளில் ஆவணங்கள் முழுமையாக இருப்பது அபூர்வம். 1995 இல் மாமா பொலித்தீன் பையில் கொண்டுபோனவை காணி உறுதி, பிறப்புச் சாட்சிப்பத்திரங்கள், பட்டச் சான்றிதழ், பேராதனையில் வாங்கிய, கணக்குப் பார்க்கும் ஸ்லைட் ரூல். நியமனக் கடிதங்கள் போய்விட்டன. போனவற்றைத் தேடிக் களைக்காமல் இருப்பவற்றைப் பாருங்கள்: ஓய்வூதியக் கடிதம், பழைய நாட்குறிப்பு, கலியாண அழைப்பிதழில் பெயருக்குப் பின்னால் அச்சான பதவி, மற்றவர்களுடைய வீட்டில் இருக்கும் குழுப்படங்கள். குழுப்படத்தை அவர் கையில் கொடுத்து, இடமிருந்து வலமாகப் பெயர்களைச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். படத்தின் பின்புறத்தில் எழுதுவதானால் மெல்லப் பென்சிலால் எழுதுங்கள், பேனாவின் மை முன்பக்கத்துக்கு ஊறிவிடும்.

எழுதும் மொழி

அவர் படித்தது ஆங்கிலத்தில். வேலை செய்தது மூன்று மொழியில். உங்களோடு பேசுவது யாழ்ப்பாணத் தமிழில். நூலின் நடை எழுத்துத் தமிழாக இருக்கட்டும். அவருடைய பேச்சை மேற்கோளில் அப்படியே விடுங்கள். கலைச்சொல்லில் பிடிவாதம் வேண்டாம். மின்மாற்றி, மின்பிறப்பாக்கி, உபமின்நிலையம் போன்றவை நம் பாடசாலைப் புத்தகத்தில் இருந்து வந்து எல்லோருக்கும் தெரிந்தவை. பேஸ், நியூட்ரல், பியூஸ் என்பவற்றை ஊர் எப்படிச் சொல்கிறதோ அப்படியே எழுதலாம். ஒரு சொல்லைத் தேர்ந்தால் கடைசிவரை அதையே வைத்திருங்கள்.

அலகுகளில் மட்டும் விட்டுக்கொடுக்கக்கூடாது. கிலோவாட் என்பது ஒரு கணத்தில் எவ்வளவு வேகமாக மின்சாரம் செலவாகிறது என்பது; கிலோவாட் மணி என்பது மொத்தம் எவ்வளவு செலவானது என்பது, நாம் பட்டியலில் யூனிட் என்று காசு கட்டுவது. நான் ஓரிடத்தில் இரண்டையும் மாற்றி எழுதி, அச்சகத்தில் பக்கமும் கட்டியாகிவிட்டது. மாமா அந்தப் பக்கம் மாறாமல் நூலை வெளியிடச் சம்மதிக்கவில்லை.

வாசித்துக் காட்டி, பின்னர் அச்சிடுதல்

முழுப் பிரதியையும் அவருக்கு உரத்து வாசித்துக் காட்டுங்கள். தாளைக் கொடுத்தால் எழுத்துப்பிழை மட்டும் பார்ப்பார், காதால் கேட்டால் கதையைத் திருத்துவார். உயிரோடு இருக்கும் மற்றவர்களின் பெயர் வரும் இடங்களில் அவர்களிடமும் கேளுங்கள். அவர் எடுத்துவிடச் சொல்வதை எடுத்துவிடுங்கள், காரணம் கேட்க வேண்டாம்.

பவளவிழாவுக்கு வருகிறவர்களுக்கு வேண்டியதை விட ஐம்பது பிரதி கூடுதலாக அச்சிடுங்கள். யாழ்ப்பாணப் பொதுநூலகத்துக்கும், அவர் படித்த பாடசாலைக்கும், கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள பொறியியல் பீடத்துக்கும் ஒவ்வொன்று போகட்டும். இணையத்தில் ஈழத்து நூல்களையும் மலர்களையும் சேர்த்து வைக்கும் நூலகம் நிறுவனத்துக்கு ஒரு பிரதியும், அவருடைய ஒப்புதல் எழுத்தில் இருந்தால் ஒலிப்பதிவும் கொடுக்கலாம். எங்கள் பதிவில் நாற்பது நிமிடத்தை மட்டும் தன் காலத்தில் எவருக்கும் கொடுக்க வேண்டாம் என்று மாமா சொன்னார். அதைத் தனியாக ஒரு பென் டிரைவில் போட்டு, திகதி எழுதி உறையில் ஒட்டி, மாமியின் அலுமாரியில் காணி உறுதியோடு வைத்திருக்கிறோம்.